கறுப்பு ராஜா எட்மண்ட்

அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருக்களில் எட்மண்ட் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். 'கறுப்பு ராஜா வீடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைநீட்டி வழிகாட்டும். அந்தப் பெயரை அவர் ஆசைப்பட்டு வாங்கவில்லை. வருடத்துக்கு ஒரு நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஊர் அவருக்குச் சூட்டிய பெயர் அது.

ஜனவரியில் வரும் அந்தத் திருநாளுக்கு எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. முகப்பேர் ஹவுசிங் போர்டு வீடுகளிலிருந்து மூன்று ராஜாக்கள் பேண்டு வாத்தியத்தோடு புறப்படுவார்கள். தெருத்தெருவாக நடந்து வந்து, கோயில் குடிலில் இருக்கும் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை வைப்பார்கள். ஜனங்கள் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு நிற்பார்கள். முதல் ராஜாவுக்கு வெள்ளைத் தாடி. இரண்டாவது ராஜாவுக்குப் பட்டுத் தலைப்பாகை. மூன்றாவது ராஜா பல்தசார், ஆப்பிரிக்க தேசத்துக்காரர். அவருக்கு முகம் முழுக்கக் கறுப்பு மை, உதட்டில் சிவப்புச் சாயம், தலையில் கம்பளி நூலில் பின்னிய சுருட்டை முடி. முதல் இரண்டு ராஜாக்களைப் பார்த்து ஊர் கும்பிடும். மூன்றாவது ராஜாவைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

மீசை முளைக்கும் வயதில் எட்மண்டை அந்த வேஷத்துக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். காரணத்தை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் நிறம் அப்படி. பள்ளிக்கூடத்தில் அவருக்குக் 'கரிச்சட்டி' என்று பெயர். பெண் பார்க்கப் போன முதல் வீட்டில் காபியைக் கொடுத்துவிட்டு, "மாப்ள எங்க, இன்னும் வர்லியா?" என்று அவரிடமே கேட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சாமான்களுக்கு வர்ணம் ஏற்றும் பட்டறையில் வேலை. அவர் கையால் நிறம் மாறாத இரும்பு இல்லை. "எல்லாத்துக்கும் கலர் அடிக்கிற, உனக்கு ஒரு கோட்டு அடிச்சிக்கக் கூடாதா நைனா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காமல் இருந்தால் இன்னும் அதிகமாகக் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் ராஜா வேஷம் அவருக்குப் பிடித்துவிட்டது. முதல் வருடம் ஊர்வலத்தில் நடந்தபோது கூட்டம், ஆப்பிரிக்கர்களை இழிவாகச் சொல்லும் அந்தப் பழைய வார்த்தையில், "காப்பிரி ராஜா, காப்பிரி ராஜா" என்று கத்தியது. பயத்தில் கால் பின்னிக்கொண்டு இரண்டு குதி குதித்தார். கூட்டம் விசிலடித்தது. மறு வருடம் வேண்டுமென்றே குதித்தார். அதற்கடுத்த வருடம் கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, "ஊகா ஊகா" என்று ஆடினார். திருநாள் முடிந்து தேங்காய் எண்ணெய் தடவி மையைத் துடைக்கும்போது, கண்ணாடியில் அவருடைய சொந்த முகம் மெல்ல வெளியே வரும். அந்த முகத்தைப் பார்த்து அன்று ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு நாளுக்காக அவர் வருடம் முழுவதும் காத்திருந்தார்.

அவர் மனைவி ஜெயசீலி. வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். கறுப்பு மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லாத ஒரே பெண். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பிறந்த ஒரு பெண் குழந்தை மஞ்சள் காமாலையில் போனது. அதன்பிறகு அந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை.

அப்படிப்பட்ட வீட்டின் மாடிக்குத்தான் அக்னஸ் வந்தாள்.

அவளுக்கு உகாண்டா தேசம். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு. வாடகைக்கு வீடு தேடி அயனம்பாக்கம் முழுவதும் அலைந்திருந்தாள். போனில் பேசும்போது "வாங்க" என்றவர்கள், நேரில் பார்த்ததும் "இப்பத்தான் வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்" என்றார்கள். கடைசியில் புரோக்கர் அவளை எட்மண்ட் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் கழுத்தில் ஜெபமாலை இருந்தது. எட்மண்ட் அதைக்கூடப் பார்க்கவில்லை. அவள் கண்ணைத்தான் பார்த்தார். காபி கொடுத்த வீட்டிலிருந்து வெளியே வந்த அன்று தன் கண் எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"சாவி குடு சீலி" என்றார்.

அந்தப் பெண் சட்டென்று இரண்டு முழங்கால்களையும் தரையில் ஊன்றி மண்டியிட்டு, அவர் கையைப் பிடித்து வணக்கம் சொன்னாள். எட்மண்ட் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். அவள் ஊரில் பெண்பிள்ளைகள் தகப்பனுக்கும் பெரியவர்களுக்கும் அப்படித்தான் வணக்கம் சொல்வார்களாம். பூமியில் பிறந்ததிலிருந்து ஒரு ஜீவன்கூட எட்மண்டின் முன்னால் மண்டியிட்டதில்லை. அவர் கொல்லைப்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவுவதுபோல் வெகுநேரம் நின்றார்.

பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் சும்மா இருப்பாளா? "இன்னா எட்மண்டு, உன் கலர்லயே ஆள் புடிச்சிக்கினு வந்துட்ட! கரண்டு போனா ஊட்ல யாரு எங்க கீறாங்கன்னே தெரியாதே!" என்றாள்.

"நீ பல்ல காட்டு வேம்புலி, அந்த வெளிச்சத்துல தேடிக்கிறோம்" என்றாள் ஜெயசீலி.

நாள் போகப் போக அக்னஸ் அந்த வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். ஜெயசீலியிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டாள். மீன் குழம்புக்கு உப்புப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மூவரும் சேர்ந்து நடந்து போவார்கள். "அம்மா" என்று முதலில் வந்தது. "அப்பா" என்பது சில நாள் கழித்து வந்தது. அது வந்த அன்று எட்மண்ட் பட்டறைக்குப் பூந்தி வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு இன்னொரு பிடி பூந்தி அள்ளிக் கொடுத்தார்.

நவம்பர் மழையில் ஒரு காலை, அவளுடைய சொந்தத் தகப்பன் இறந்துபோன செய்தி வந்தது. போய்ச் சேர வழியில்லை. அடக்கத்தை எட்மண்ட் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தாள். நடுநடுவே படம் நின்று நின்று வந்தது. சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில் முழுவதுமாக அறுந்துபோனது. அவள் போட்ட அலறலில் வேம்புலியம்மாள்கூட ஓடிவந்து அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் அவள் தகப்பனின் புகைப்படத்தைக் காட்டினாள். கணுக்கால் வரை நீண்ட வெள்ளை அங்கி. கழுத்திலிருந்து மார்பு வரை அரக்கு நிற நூல் வேலைப்பாடு. அதன்மேல் கறுப்புக் கோட்டு. "இது கன்சு. எங்க ஊர்ல கல்யாணத்துக்கு, கோயிலுக்கு, ஆம்பளைங்க போடறது. அப்பாவ இதுலயேதான் புதைச்சாங்க" என்றாள். எட்மண்ட் படத்தை வாங்கிப் பார்த்தார். அந்த மனிதரின் நிறமும் தன் நிறமும் ஒன்றுதான். படத்தில் இருந்தவர் தலை நிமிர்ந்து நின்றிருந்தார். அது மட்டும்தான் வித்தியாசம்.

அன்றைக்குத்தான் எட்மண்டுக்கு அந்த எண்ணம் வந்தது. கெட்ட எண்ணம் என்று யாரும் சொல்ல முடியாது. அன்பு முட்டிக்கொண்டு வந்த எண்ணம்.

"சீலி, இந்த வருசம் அந்தச் செவப்பு சாட்டின் அங்கி வேணாம். அது நாடகக் கம்பெனி அங்கி. அந்தப் பொண்ணோட அப்பா போட்ட மாதிரியே ஒண்ணு தெச்சிக் குடு. பல்தசாரும் அந்தத் தேசத்து ராஜாதான? அவ பாக்கட்டும். அப்பனே எதிர்ல வந்த மாதிரி இருக்கும்."

ஜெயசீலிக்குக் கண் கலங்கியது. "பாவம், மொகத்த கடைசியா பாக்காத புள்ள. அவகிட்ட சொல்லாத, திடீர்னு பாக்கட்டும்" என்றாள். அக்னஸ் கல்லூரிக்குப் போகும் நேரங்களில் ஒளித்து ஒளித்துத் தைத்தாள். அரக்கு நூலுக்குக் கடைகடையாக அலைந்தாள்.

"ஆட்டம் கீட்டம் கிடையாது இந்த வருசம்" என்று எட்மண்ட் சொன்னார். "ராஜா மாதிரி நடந்து வரப்போறேன்."

திருநாள் மாலை, ஹவுசிங் போர்டு வீடுகளின் மாடிப்படிக்குக் கீழே வேஷம் போட்டார்கள். மை பூசுகிறவன் இளைஞர் குழுவின் ஜாபஸ். எட்மண்ட் கன்சுவும் கோட்டும் அணிந்து நின்றதைப் பார்த்து அவனே ஒரு நிமிடம் மலைத்துவிட்டான்.

"அண்ணாத்தே, செம கெத்தா கீறியே! இப்டியே போ. நீ கீற கலருக்கு மை எதுக்கு? டப்பா மிச்சம்!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜாபஸ் வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பு எட்மண்டின் வெறும் முகத்தில் வந்து விழுந்தது. பட்டறையில் விழுவதுபோல, பள்ளிக்கூடத்தில் விழுந்ததுபோல. இந்த முகத்தோடா தெருவெல்லாம் நடப்பது?

"பூசுடா" என்றார். "நல்லா பூசு."

பூசினார்கள். உதட்டுக்குச் சிவப்பு வந்தது. கம்பளி முடியும் தலையேறியது.

இருந்தும் அவர் நன்றாகத்தான் நடந்தார். முதல் தெரு முழுவதும் நிமிர்ந்து, காணிக்கைப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, புகைப்படத்து மனிதர்போலவே நடந்தார். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை.

"யோவ் கறுப்பு ராஜா, இன்னாயா சாவு ஊட்டுக்குப் போற மாதிரி போற?"

"அண்ணாத்தே, ஒரு குத்து வுடு! பேட்டரி தீந்துபோச்சா?"

பேண்டு வாத்தியக்காரர்கள் சிரித்துக்கொண்டே வழக்கமான அடியை எடுத்தார்கள். டண்டணக்கு டண்டணக்கு என்று அடி விழுந்தது. எட்மண்ட் பல்லைக் கடித்தார். ஆனால் எத்தனையோ வருடங்களாக அந்த அடிக்கு ஆடிய கால்கள் அவரைக் கேட்கவில்லை. ஒரு கால் தானாக எழும்பியது. கூட்டம் "ஓ" என்று கூவியது. மறு காலும் எழும்பியது. கண் உருண்டது. நாக்கு வெளியே வந்தது.

"ஊகா! ஊகா!"

அவருடைய வீடு இருக்கும் தெருவுக்குள் ஊர்வலம் அப்போதுதான் திரும்பியது.

அக்னஸ் ஜெயசீலியோடு வாசலில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றாள். தெருக்கோடியில், தலைகளுக்கு மேலே, வெள்ளை அங்கியும் அரக்குக் கழுத்தும் கறுப்புக் கோட்டும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. அவள் வாயிலிருந்து அவள் மொழியில் ஒரு வார்த்தை வந்தது. ஜெயசீலிக்கு அந்த வார்த்தை தெரியாது. ஆனால் தகப்பனைத்தான் கூப்பிடுகிறாள் என்று புரிந்தது. அக்னஸ் அந்தத் தார் ரோட்டிலேயே இரண்டு முழங்கால்களையும் ஊன்றி மண்டியிட்டாள்.

கூட்டம் விலகியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

செத்த தகப்பனின் உடையில், மை வழியும் முகத்தோடு, சிவந்த உதட்டைப் பிதுக்கி, குரங்குபோல் குதித்துக்கொண்டு ஒன்று அவள் முன்னால் வந்தது.

"டேய், ராஜாவோட ஊர்க்காரிடா! மண்டி போடுது பார்றா! ராணி கெட்சிட்டாடா!" யாரோ கத்தினார்கள். பத்துப் பதினைந்து செல்போன்கள் அவள் பக்கம் திரும்பின.

எட்மண்டின் கால்கள் அப்போதுதான் நின்றன. அவள் எழுந்தாள். அழவில்லை, திட்டவில்லை. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, ஜெயசீலியின் கையில் கொடுத்துவிட்டு, மாடிப்படி ஏறிப் போனாள். மறுநாள் அவள் சிநேகிதிகள் ஆட்டோவில் வந்து சாமான்களை ஏற்றினார்கள். எட்மண்ட் பட்டறைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார். அவரைத் தாண்டிப் போகும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் குமணன்சாவடியில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சேர்ந்திருப்பதாகத் தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவனும் மனைவியும் பஸ் ஏறிப் போனார்கள். ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே, நெடுஞ்சாலை லாரிகளின் சத்தத்தில் காத்து நின்றார்கள். அவள் இறங்கி வந்தாள். ஜெயசீலியைக் கட்டிக்கொண்டாள். எட்மண்டின் எதிரே வந்ததும், ஆபீசில் முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பதுபோல், நின்றபடியே கையை நீட்டினாள்.

அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு எட்மண்ட் குழந்தைபோல் அழுதார். "கேலி பண்ணணும்னு செய்யலமா. மாதா மேல சத்தியமா. உங்கப்பாவ நீ பாக்கணும்னுதான்..."

"தெரியும்" என்றாள் அக்னஸ். அவளுடைய தமிழ் மெதுவாக வந்தது. "நீங்க நல்லவர். நான் கோபம் இல்ல. அந்தப் பசங்க போன்ல என் படம் சுத்துது, காலேஜ்ல காட்றாங்க, அதுகூடப் பரவால்ல. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க எங்க அப்பா கலர். அப்படியே வந்திருந்தா, நான் அப்பாவப் பாத்திருப்பேன். அந்த மை எதுக்கு? கறுப்பு மேல கறுப்பு எதுக்குப் பூசினீங்க?"

எட்மண்ட் பிடித்திருந்த கையை விட்டார். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு, "படிக்கணும், போறேன் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, எட்மண்ட் அவளிடம் சொல்லாத அந்தப் பதிலை மனைவியிடம் சொன்னார்.

"பூசிக்கினா அவுங்க மையப் பாத்துச் சிரிப்பாங்க சீலி. ஊட்டுக்கு வந்து தொடச்சா போயிடும். பூசாம போனா என்னப் பாத்துச் சிரிப்பாங்க. அத எப்டித் தொடக்கிறது?"

ஜெயசீலி அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ தொடச்சிக்கின. தொடச்சதெல்லாம் எங்க போச்சி? அந்தப் பொண்ணு தலையில போய் விழுந்துச்சி."

எட்மண்ட் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அக்னஸ் படிப்பை முடித்து ஊருக்குப் போய்விட்டாள் என்பதை அடுத்த மழைக்காலத்தில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். சொல்லிக்கொள்ள அவள் வரவில்லை. மாடிக்கு வேறு ஆள் வைக்கவில்லை.

ஜனவரி மறுபடியும் வந்தது. ஜாபஸ் இரண்டு பேரோடு வந்து நின்றான்.

"அண்ணாத்தே, நீ இல்லாம ராஜாவா?"

"நான் வரல. அந்த மையும் வேணாம்பா ஜாபஸ். மூணாவது ராஜாவும் ராஜாதான? அவரையும் ராஜாவா நடக்க வுடுங்க."

"இன்னா அண்ணாத்தே நீ! காமெடிதான? யாருக்கு இன்னா நஷ்டம்? புள்ளைங்க சிரிக்குதுங்க, அவ்ளோதான்."

யாருக்கு என்ன நஷ்டம் என்று எட்மண்ட் சொல்லியிருக்கலாம். அதற்குப் பூட்டிக் கிடக்கும் மாடியைக் காட்டவேண்டும். அந்தப் பெண்ணை இன்னொருமுறை தெருவில் நிறுத்தியதுபோல் ஆகும் என்று சும்மா இருந்துவிட்டார். அவர்கள் ரூபஸைப் பிடித்துக்கொண்டார்கள். ரூபஸ் கோதுமை நிறத்துப் பையன். அவனுக்கு இரண்டு டப்பா மை செலவானது.

அன்று மாலை எட்மண்ட் முதன்முறையாகத் தன் வீட்டு வாசலில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார். அத்தனை வருடமும் சிரிப்புக்கு உள்ளே இருந்தவர், அன்றுதான் வெளியே நின்று அதைக் கேட்டார். ரூபஸ் நாக்கை நீட்டிக் குதித்து வந்தான். குழந்தைகள் "காப்பிரி, காப்பிரி" என்று கைதட்டின.

பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டார். "டேய் ரூபசு, நீ டூப்புடா! ஒரிஜினலு அங்க நிக்குது பார்! மேக்கப்பே இல்லாம பட்டையக் கெளப்புது!"

தெரு மொத்தமும் எட்மண்ட் பக்கம் திரும்பியது. சிரிப்பு அலைபோல் எழுந்து வந்து அவருடைய வெறும் முகத்தில் மோதியது. செல்போன்கள் உயர்ந்தன. வேம்புலியம்மாள்கூடச் சிரித்துவிட்டு, உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஜெயசீலி அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். "உள்ள வாயேன். எதுக்கு இந்த நாசமாப்போறவனுங்க முன்னால நிக்கிற? வா."

"இல்ல சீலி" என்றார் எட்மண்ட். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, தாடையில் நின்றது. அதைத் துடைக்கக் கை போகவில்லை. "அந்தப் பொண்ணு அன்னிக்கு ஒத்தையில நின்னுச்சி. நான் கொஞ்ச நேரம் நிக்கிறேன்."

ஜெயசீலி பிறகு இழுக்கவில்லை. பேண்டு வாத்தியம் அவர்கள் வாசலைக் கடந்து போகும்வரை அவளும் பக்கத்திலேயே நின்றாள்.